ராகி நூறு கிராம்: நீலகிரியில் உணவியல் படிப்பவர்களுக்கு ஒரு கணினி வழிகாட்டி

ஊட்டச்சத்தும் உணவுமுறையும் படிக்க இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் நீலகிரிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கோத்தகிரியிலிருந்து தினமும் பஸ் ஏறுகிறவர்கள், கூடலூர், பந்தலூர் பக்கமிருந்து கோவைக்குப் போய் விடுதியில் தங்கியிருப்பவர்கள், தோட்டத்து லைன் வீட்டில் இருந்தபடியே தொலைதூரக் கல்வியில் படிப்பவர்கள் எல்லோருக்கும் இது உதவும். சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் கேட்பது, எந்த லேப்டாப் வாங்கலாம், எந்த சாப்ட்வேர் நல்லது என்பதுதான்.

லேப்டாப் எதுவாக இருந்தாலும் போதும். விரிதாளும் பி.டி.எஃப்-பும் ஒன்றாகத் திறந்தால் திணறாத பழைய லேப்டாப்பே தாராளம். எக்செல் வாங்கப் பணம் இல்லையென்றால் லிப்ரே ஆபிஸ் கால்க் இலவசமாகக் கிடைக்கிறது. போனில் வகுப்பு கேட்கலாம், ஆனால் உணவுக் கணக்கை போனில் போடாதீர்கள். விரல் தவறி ஒரு புள்ளி இடம் மாறினால் கண்ணுக்கே தெரியாது. வாங்கியே ஆக வேண்டிய பொருள் வேறொன்று இருக்கிறது: ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு. கையில் காசு குறைவாக இருந்தால் சாப்ட்வேர் சந்தாவை விட்டுவிட்டுத் தராசை வாங்குங்கள். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

கையால் ஒரு நாள்

கணினியைத் திறக்கும் முன் ஒரே ஒரு நாள் சாப்பாட்டைத் தாளில் கணக்குப் போடுங்கள். உங்கள் சாப்பாடாகவே இருக்கட்டும். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி, புரதம் 4, கொழுப்பு 9 என்ற மூன்று எண்கள் போதும். காலை இட்லி முதல் ராத்திரி பால் வரை எழுதி, ஒவ்வொன்றின் எடையையும் அட்டவணை மதிப்பால் பெருக்கிக் கூட்டுங்கள். மூன்று மணி நேரம் பிடிக்கும், அலுப்பாகவும் இருக்கும். ஆனாலும் செய்யுங்கள். ஒரு வளர்ந்த பெண்ணின் ஒரு நாள் கணக்கு சுமார் எந்த எண்ணுக்குள் வரும் என்பது இப்படித்தான் மனதில் பதியும். பிறகு சாப்ட்வேர் 4,800 கிலோகலோரி என்று காட்டினால், எங்கோ பிசகு என்று திரையைப் பார்த்ததுமே பிடிபடும்.

அட்டவணை: எல்லாம் நம் குன்னூரில் தொடங்கியது

எந்த சாப்ட்வேரை எடுத்தாலும் அதன் அடியில் ஓர் உணவு அட்டவணை இருக்கும். இந்தியாவில் அந்த வேலைக்கு விதை விழுந்தது நம் மலையில்தான். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி (வைட்டமின் பி1 குறைவால் வரும்) நோயை ஆராய ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். அது 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. அடுத்து வந்த டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு காலத்தில், 1937-இல், இந்திய உணவுகளின் சத்து மதிப்புகளைத் தொகுத்த கையேடு இங்கிருந்து வெளியானது. 1958-இல் அந்தக் கூடம் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று நாம் சொல்வது அதைத்தான். சிம்ஸ் பார்க் பக்கம் போகும்போது அந்தப் பழைய கட்டடத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நீங்கள் தட்டச்சு செய்யப்போகும் ஒவ்வொரு எண்ணுக்கும் மூதாதை அங்கே இருக்கிறது.

நீங்கள் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டியது அந்த நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுக் கூறு அட்டவணை. அதில் 528 உணவுகள் இருக்கின்றன. ஒவ்வோர் உணவுக்கும் ஒரு குறியீடு உண்டு, ராகிக்கு ஏ010. அதோடு 2020-இல் வந்த ஊட்டச்சத்துத் தேவைப் பரிந்துரையும், 2024-இல் வந்த இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டு நெறிகளும் வேண்டும். இந்த மூன்றும் கோப்பாக உங்கள் கணினியிலேயே இருக்கட்டும். மழைக்காலத்தில் நெட் போன பிறகு தேடினால் கிடைக்காது.

அட்டவணையைத் திறந்ததும் புதியவர்கள் தடுமாறும் இடங்கள் சில உண்டு. 2017 அட்டவணையில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கிறது, கிலோகலோரியில் இல்லை. 4.184-ஆல் வகுக்க வேண்டும். ராகிக்கு 1,342 என்று பார்த்துவிட்டு அப்படியே கலோரியாக எழுதிவிட்டால் முழு நாள் கணக்கும் நான்கு மடங்காகிவிடும். வகுத்தால் வருவது 321. அடுத்தது, எல்லா மதிப்புகளும் 100 கிராம் உண்ணத்தக்க பகுதிக்கு, அதுவும் பெரும்பாலும் சமைக்காத நிலையில். தழையோடு வாங்கிய கேரட்டின் கடை எடையை இதில் போடக்கூடாது. தழையை வெட்டி, தோல் சீவி, பிறகு நிறுத்த எடைதான் கணக்கு.

விரிதாள்: உங்கள் சொந்த சாப்ட்வேர்

காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்குப் போகும் முன், ஒரு விரிதாளை நீங்களே கட்டுங்கள். மூன்று தாள்கள் வேண்டும். முதல் தாளில் உணவு அட்டவணை: குறியீடு, தமிழ்ப் பெயர், கிலோகலோரி, புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, நார்ச்சத்து, கால்சியம், இரும்பு. 528 உணவுகளையும் ஏற்ற வேண்டாம். உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் புழங்கும் அறுபது எழுபது உணவுகளை ஏற்றினால் தொடங்கலாம். இரண்டாம் தாள் சமையல் குறிப்புகளுக்கு. மூன்றாவது, ஒருவர் ஒரு நாள் சாப்பிட்டதை எழுதும் தாள்.

மூன்றாம் தாளில் குறியீட்டையும் கிராமையும் தட்டினால் மற்றதெல்லாம் முதல் தாளிலிருந்து தானாக வரும்படி வி-லுக்-அப் சூத்திரத்தைப் போடுங்கள். தேடல் குறியீட்டை வைத்தே நடக்கட்டும், பெயரை வைத்து வேண்டாம். ‘கீரை’ என்று தட்டினால் அது எந்தக் கீரை என்று கணினிக்குத் தெரியாது. அகத்திக்கும் அரைக்கீரைக்கும் கால்சியத்தில் பெரிய இடைவெளி. சூத்திரத்தின் கடைசியில் ‘சரியாகப் பொருந்தினால் மட்டும்’ என்ற தேர்வைக் கட்டாயம் கொடுங்கள். அதைக் கொடுக்காவிட்டால் இல்லாத குறியீட்டுக்கும் பக்கத்து வரிசையின் எண்ணை எடுத்துக் காட்டிவிடும், தப்பு என்ற அடையாளமே இருக்காது.

உங்கள் ஊர்ச் சமையல் கோப்பு

இந்தக் கட்டுரையில் நான் மிக முக்கியமாக நினைப்பது இந்தப் பகுதியைத்தான். கடையில் கிடைக்கும் மென்பொருளிலும் செயலியிலும் இட்லி இருக்கும், சப்பாத்தி இருக்கும், பனீர் பட்டர் மசாலா இருக்கும். படுகர் வீட்டு ராகி ஹிட்டும் (ராகி மாவில் கிண்டும் களி உருண்டை) அவரைக் குழம்பும் இருக்காது. இருளர் வீட்டுச் சாமைச் சோறு இருக்காது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் தோட்டத்தில் காலையில் சாப்பிடும் கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இருக்காது. உங்களிடம் வரப்போகிறவர்கள் சாப்பிடுவதோ இதைத்தான். ஆகவே அந்தக் கோப்பை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். தராசு வாங்கச் சொன்னது இதற்காக.

செய்முறை இப்படி. சமைக்கும் முன் காலிப் பாத்திரத்தை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் ஒவ்வொன்றையும், எண்ணெய், தேங்காய், சர்க்கரை உட்பட, நிறுத்து எழுதுங்கள். சமைத்து முடித்ததும் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திர எடையைக் கழியுங்கள். பச்சைப் பொருட்களின் மொத்தச் சத்தை சமைத்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால், 100 கிராம் சமைத்த உணவின் மதிப்பு கிடைத்துவிடும். பொரித்த பண்டம் என்றால் சட்டி எண்ணெயை முன்னும் பின்னும் நிறுத்து, குறைந்ததை மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஓர் உதாரணம். 100 கிராம் ராகி மாவில் கிண்டிய ஹிட்டு 300 கிராம் வந்தது என்று வையுங்கள். ஒருவர் 150 கிராம் உருண்டை சாப்பிட்டால் அவர் வயிற்றுக்குள் போனது 50 கிராம் மாவு, ஏறத்தாழ 160 கிலோகலோரி, 182 மில்லிகிராம் கால்சியம். இதையே அவசரத்தில் ‘ராகி, 150 கிராம்’ என்று தட்டினால் 481 கிலோகலோரி, 546 மில்லிகிராம் கால்சியம் என்று வரும். மூன்று மடங்கு. அந்த எண்ணை நம்பி ஒரு கர்ப்பிணியிடம் ‘உங்களுக்குக் கால்சியம் போதும்’ என்று சொல்லிவிட்டால் நட்டம் அவருக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும்தான்.

சமவெளியில் எடுத்த சமையல் குறிப்பை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும், தண்ணீர் அதிகம் வற்றும், மேலும் ஊற்றுவோம். கடைசியில் சமைத்த எடை மாறிவிடும். குக்கரில் வைத்தால் இந்த வித்தியாசம் குறையும். ஆகவே குறிப்பில் ஊர்ப் பெயரையும் ‘குக்கர்’ அல்லது ‘திறந்த பாத்திரம்’ என்பதையும் ஒரு கட்டத்தில் எழுதிவையுங்கள். கூடலூரில் செய்த அதே குழம்பு ஊட்டியில் வேறு எடை வரலாம்.

அட்டவணையில் இல்லாத உணவு வந்தால்? மரத்தக்காளி என்று வையுங்கள். சாதாரணத் தக்காளியின் எண்ணைப் போட்டுவிட்டுப் பேசாமல் போகாதீர்கள். அந்த வரிசைக்கு மஞ்சள் நிறம் பூசி, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். அமெரிக்க வேளாண் துறையின் ஃபுட் டேட்டா சென்ட்ரல் இலவசம், காய் பழங்களுக்கு அதைப் பார்க்கலாம். பாலுக்கும் மாவுக்கும் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: அங்கே பாலில் வைட்டமின் டி-யும் மாவில் ஃபோலிக் அமிலமும் சேர்த்து விற்பது வழக்கம், அந்த எண் நம் ஊர்ச் சொசைட்டிப் பாலுக்குப் பொருந்தாது.

மென்பொருளுக்கு ஒரு பரீட்சை

இப்போது நீங்கள் மென்பொருளுக்குத் தயார். டயட்கேல் போன்றவை மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் புழங்குகின்றன. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் நியூட்ரிஃபை இந்தியா நவ் செயலி போனுக்கு இலவசம். எதைத் திறந்தாலும் முதலில் ராகி 100 கிராம் என்று தட்டிப் பாருங்கள். கால்சியம் 344, நார் 3.6 என்று வந்தால் உள்ளே இருப்பது பழைய அட்டவணை. கால்சியம் 364, நார் 11.2 என்று வந்தால் 2017 அட்டவணை. நாரில் இவ்வளவு வித்தியாசம் ஏன்? முன்பு அமிலத்திலும் காரத்திலும் கரையாமல் மிஞ்சும் கச்சா நாரை மட்டும் அளந்தார்கள், இப்போது முழு உணவு நாரையும் அளக்கிறார்கள். பழைய எண்ணை வைத்து ஒரு சர்க்கரை நோயாளிக்கு ‘நார் போதவில்லை’ என்று எழுதிவிடக் கூடாது அல்லவா? வேறு ஏதாவது எண் வந்தால், அது யாரோ பயனர் ஏற்றியதாக இருக்கலாம். அந்தச் செயலியைப் படிப்புக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த பரீட்சை, ஆற்றல் தேவை. தேயிலை பறிக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம்: வயது 28, எடை 45 கிலோ, உயரம் 150 சென்டிமீட்டர். மிஃப்ளின் சூத்திரப்படி அவருடைய அடிப்படை ஆற்றல், அதாவது சும்மா படுத்திருந்தாலும் உடலுக்கு ஒரு நாளில் வேண்டியது, 1,087 கிலோகலோரி. ஹாரிஸ்-பெனடிக்ட் சூத்திரப்படி 1,232. மிதமான உழைப்புக்கு 1.8-ஆல் பெருக்கினால் ஒன்று 1,956, மற்றது 2,218. ஒரே பெண்ணுக்கு 262 கிலோகலோரி வித்தியாசம், கிட்டத்தட்ட ஒரு வேளைப் பலகாரம். உங்கள் மென்பொருள் எந்தச் சூத்திரத்தைப் போடுகிறது என்று அமைப்புகளில் தேடிப் பாருங்கள். தெரியாவிட்டால் இந்தப் பெண்ணின் விவரத்தைக் கொடுத்து, எந்த எண் வருகிறது என்று பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

உழைப்பின் அளவை மென்பொருளிடம் விடாதீர்கள். ‘வேலை: விவசாயம்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். சரிவில் கூடை நிறையக் கொழுந்தைச் சுமந்து ஏறுகிறவருக்கும், ஃபேக்டரியில் உட்கார்ந்து இலை பொறுக்குகிறவருக்கும் அதே பெட்டிதான் கிடைக்கும். 2020 பரிந்துரையில் 55 கிலோ பெண்ணுக்கு, உட்கார்ந்த வேலை என்றால் 1,660, மிதமான உழைப்புக்கு 2,130, கடும் உழைப்புக்கு 2,720 கிலோகலோரி. எந்தப் பெட்டி என்பதை அவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

திரை சொல்லாதவை

இரும்புச்சத்துக் கட்டம் பச்சை நிறம் காட்டினால் நிம்மதி அடையாதீர்கள். ராகியும் கீரையும் சாப்பிடுகிறவருக்குக் கணக்கில் இரும்பு ஏறும்தான். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் டீ, தாவர உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. ராகியில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருளும் அப்படியே. தோட்டத்தில் சோற்றுக்கும் ரொட்டிக்கும் துணை சாயத்தண்ணிதான் என்பது உங்களுக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. ஆகவே மூன்றாம் தாளில் ‘டீ எப்போது’ என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி, சாப்பாட்டில் ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ என்று உங்கள் பரிந்துரை அதிலிருந்து பிறக்கும்.

இன்னொன்று, இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது. நம் மாவட்டத்தில் பணியர், இருளர், குறும்பர் மக்களிடையே அரிவாள் அணு ரத்தசோகை இருக்கிறது. மென்பொருளில் ‘ரத்தசோகை’ என்று குறித்தால் இரும்பு நிறைந்த உணவுப் பட்டியலை நீட்டிவிடும். அரிவாள் அணு நோயில் சிவப்பணு சீக்கிரம் உடைவதுதான் பிரச்சினை, இரும்புக் குறைவு அல்ல. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கு உடலில் இரும்பு மிகுந்தே இருக்கலாம். அவருக்குத் தண்ணீர், போதிய ஆற்றல், மருத்துவர் சொல்லும் ஃபோலிக் அமிலம் இவையே முதன்மை. ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் உணவுப் பட்டியலை அச்செடுக்காதீர்கள்.

கேட்டு எழுதும் பயிற்சி

முந்தின நாள் முழுக்க என்ன சாப்பிட்டார் என்று ஒருவரைக் கேட்டு எழுதும் 24 மணி நேர நினைவுகூரலுக்குக் கணினியில் படிவங்கள் உண்டு. ஐந்து சுற்றாகக் கேட்பது நல்ல முறை: தடையில்லாமல் அவர் சொல்லும் பட்டியல், மறந்திருக்கக்கூடியவை, எந்த நேரம் என்ன சந்தர்ப்பம், அளவும் செய்முறையும், கடைசியாக ஒருமுறை சரிபார்ப்பு. வகுப்பில் தோழியோடு பயிற்சி செய்யும்போது திரையைப் பார்த்தபடி கேள்வி கேட்காதீர்கள். தாளில் எழுதிவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். பாட்டியோ அத்தையோ எதிரில் உட்கார்ந்திருக்கும்போது லேப்டாப் மூடியே இருக்கட்டும், பேச்சு தானாக வரும்.

இரண்டாவது சுற்றில்தான் நம் ஊரில் பாதி விஷயம் வெளிவரும். ‘பாட்டி, வேலைக்குப் போற வழியில எதுவும் குடிச்சீங்களா?’ என்று கேட்டால்தான் ஆறு டீ கணக்கில் வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 60 கிராம், 240 கிலோகலோரி. கூடலூர்ப் பக்கம் கட்டஞ்சாயா என்றும், தாயகம் திரும்பியோர் வீடுகளில் தேத்தண்ணி என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரிலேயே கேட்டால் சட்டென்று நினைவு வரும்.

இணைய வகுப்பும் மழையும்

மத்திய அரசின் ஸ்வயம் இணையக் கல்வித் தளத்தில் உணவு, ஊட்டச்சத்துப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். முதுகலைப் பாடங்களுக்கான இ-பிஜி பாடசாலா தளத்தில் உணவும் ஊட்டச்சத்தும் தனிப் பாடமாகவே உள்ளது. இக்னோ என்ற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் உணவுமுறையியல் பாடங்கள் அதன் இ-ஞானகோஷ் தளத்தில் பி.டி.எஃப்-ஆகக் கிடைக்கும், நெட் மெதுவாக இருக்கும் இடத்துக்கு இதுதான் கைகொடுக்கும். மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். உங்கள் பருவத் தாளுக்கு நேராக எது இருக்கிறதோ அதை மட்டும் எடுங்கள். தேவாலா, பந்தலூர் பக்கம் ஜூன் பிறந்தால் கரண்டும் டவரும் சொல்லாமல் போகும். மே மாதத்திலேயே பருவத்துக்கான கோப்புகளை இறக்கிவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆந்த்ரோ மென்பொருளும் அப்படியே. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் எடை, உயரம், வயதைக் கொடுத்தால் 2006 வளர்ச்சித் தரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும். ஒருமுறை நிறுவினால் நெட் வேண்டாம். பிறந்த தேதியை அங்கன்வாடி அட்டையைப் பார்த்துப் பதியுங்கள், வாய்க்கு வந்த வயதைப் போட்டால் முடிவு தலைகீழாகிவிடும்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நோயாளிக் கதைகளை உருவாக்கித் தரும், பயிற்சிக்கு நல்லதுதான். சத்து எண்களை மட்டும் அதனிடம் வாங்காதீர்கள். தயங்காமல் தப்பான எண்ணைச் சொல்லும். எந்த எண் வந்தாலும் 2017 அட்டவணையில் ஒருமுறை பாருங்கள்.

வார்டுக்குப் போகும் முன்

இன்டர்ன்ஷிப்பில் உண்மையான ஆட்களின் விவரம் உங்கள் கணினிக்குள் வரத் தொடங்கும். கோப்பில் பெயர், ஊர், போன் எண் வேண்டாம். ஒரு குறியீட்டு எண் போதும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனி நோட்டில், துறையில் பூட்டி இருக்கட்டும். சின்ன ஊர் இது, ‘அரவேணு, 52 வயது, சிறுநீரகம்’ என்று எழுதினாலே யாரென்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் கேஸ் ஷீட் படத்தைப் போடும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே தவிருங்கள்.

சமையல் கோப்பை மட்டும் தாராளமாகப் பகிருங்கள். கோத்தகிரியில் ஒருத்தி ஹிட்டை நிறுத்து எழுதியிருப்பாள், எருமாடில் ஒருவன் மரவள்ளிக் கிழங்கில் செய்யும் கப்பைப் புழுக்கை நிறுத்திருப்பான். குறியீடும் அலகும் ஒன்றாக இருந்தால் இரண்டையும் ஒரே தாளில் ஒட்டிவிடலாம். ஆகவே வகுப்பில் உள்ளவர்கள் இந்த மாதமே உட்கார்ந்து நெடுவரிசைத் தலைப்புகளை முடிவு செய்யுங்கள்: பெயர், ஊர், சமைத்த முறை, பச்சை எடை, சமைத்த எடை, நிறுத்தவர், தேதி.